நெருப்பு மலைக்குள் இறங்கிய குருவானவர்



எரிமலையைப் படத்திலன்றி நேரிற் கண்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் முதலிற் கேட்பது, இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். பூமியின் நடுவில் நெருப்பு இருக்கிறது, அது குழாய் வழியாக மேலே வருகிறது என்று சொல்லிப் பெரியவர்களாகிய நாம் பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். அந்த மறுமொழி சரியானதன்று. ஆயினும் அது நேற்று இன்று பிறந்ததுமன்று. 1665ஆம் ஆண்டில் அச்சேறிய ஒரு பெரிய நூலிலுள்ள அழகான படமொன்று, அந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. அந்த நூலை எழுதியவர் இயேசு சபைக் குருவானவரான அத்தனாசியுஸ் கிர்க்கர் அடிகளார்.

தவறான படத்தை வரைந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய கதையை முழுவதும் வாசித்தபின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

ஆபத்துக்களின் நடுவே வளர்ந்தவர்

ஜேர்மனியின் புல்டா நகருக்கு அண்மையிலுள்ள கைசா என்னும் சிற்றூரில், 1602 மே மாதம் 2ஆம் திகதி, ஒன்பது பிள்ளைகளுள் கடைசியாக இவர் பிறந்தார். அன்று புனித அத்தனாசியாரின் திருநாளாகையால் அப்பெயரே குழந்தைக்கும் இடப்பட்டது. சிறுவயதில் நீராடும்போது ஆற்று வெள்ளத்தில் அள்ளுண்டு ஆலைச் சக்கரத்தின் கீழே போய், உயிருடன் வெளிவந்ததாகத் தமது வரலாற்றில் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1618ஆம் ஆண்டில் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் ஐரோப்பாவை நாசமாக்கிய முப்பதாண்டுப் போரும் மூண்டது. 1622இல் எதிரிப் படைகள் நெருங்கிவரவே, பாடர்போன் நகரிலிருந்த இயேசு சபையினர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. உறைந்து கிடந்த றைன் நதியைக் கால்நடையாகக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து, இளைஞரான கிர்க்கர் நீருள் அகப்பட்டார். எப்படியோ நீந்திக் கரை சேர்ந்தார். 1628இல் குருப்பட்டம் பெற்று, வூர்ஸ்பேர்க் நகரில் கணிதமும் எபிரேய மொழியும் கற்பித்துக் கொண்டிருந்தார். 1631இல் சுவீடன் படைகள் வந்தபோது மறுபடியும் ஓடவேண்டியதாயிற்று. வீட்டையும் ஊரையும் விட்டு ஓடுவது எத்தகையது என்பதை அவர் நன்கறிந்தவர்.

பிரான்சில் தஞ்சம் புகுந்த அவர், 1633ஆம் ஆண்டின் முடிவில் உரோமாபுரியை அடைந்தார். அங்கே சபையின் பேர்பெற்ற கல்லூரியில் கணித ஆசிரியரானார். வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்நகரே அவருடைய இல்லமாயிற்று.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாள்

1637ஆம் ஆண்டில் ஜேர்மன் இளவரசர் ஒருவருடன் ஆன்ம ஆலோசகராக மால்ற்றாத் தீவுக்குச் செல்லும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புனித சின்னப்பர் கப்பலுடைந்து கரைசேர்ந்த அதே தீவுதான். மறு ஆண்டில் சிசிலி வழியாகத் திரும்பும்போது எட்னா மலையையும் அவர் பார்வையிட்டார்.

1638 மார்ச் 27ஆம் திகதி, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாள், தென் இத்தாலியின் கலாபிரியாப் பகுதியைப் பயங்கரமான பூமியதிர்ச்சி உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நாட்களில் கிர்க்கர் அடிகளார் சிறு படகொன்றில் அந்தக் கரையோரமாகவே பிரயாணம் செய்துகொண்டிருந்தார். கடல் கொதிப்பதுபோற் பொங்கியதையும், ஒரு பக்கம் எட்னாவும் மறுபக்கம் ஸ்ட்ரொம்போலித் தீவும் புகை கக்கியதையும் அவர் கண்டார். கரையில் இறங்கியபோது நிலமே காலின் கீழ் ஆடியது. தூரத்தில் சாந்த எவ்பேமியா என்னும் ஊரை ஒரு கரிய மேகம் மூடியது. மேகம் விலகியபோது ஊரைக் காணவில்லை என்றும், அது இருந்த இடத்தில் நாற்றமடிக்கும் நீர்நிலையே தெரிந்தது என்றும் அவர் பின்னாளில் எழுதினார்.

இப்படிப்பட்ட காட்சியைக் கண்ட எவரும் அந்த இடத்தைவிட்டு எவ்வளவு விரைவில் அகலலாம் என்றே நினைப்பர். அவரோ நேப்பிள்ஸ் நகருக்குப் போய், வெசுவியஸ் மலைமேல் ஏறத் தீர்மானித்தார். அந்த மலை 7 ஆண்டுகளுக்கு முன்புதான், 1631 டிசம்பரில், வெடித்து 3,000 பேருக்கு மேல் பலிகொண்டிருந்தது. அந்த வெடிப்புக்கு முன் நெடுங்காலம் அது அமைதியாயிருந்தபடியால், எரிமலை வாய்க்குள்ளேயே மரஞ்செடிகள் வளர்ந்து மாடுகள் மேய்ந்தனவாம்.

வழி தெரிந்த உள்ளூர் மனிதர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, நள்ளிரவில் அவருடன் மலையேறினார் கிர்க்கர். எரிமலை வாயின் விளிம்பை அடைந்தபோது, உள்ளே எங்கும் நெருப்பொளி. கந்தகமும் கீலும் கலந்த நாற்றம் மூச்சைத் திணறடித்தது. நரகத்தையே நேரிற் காண்பதுபோலத் தமக்குத் தோன்றியதாக அவர் எழுதியிருக்கிறார். பொழுது புலர்ந்ததும், விளிம்போடு நிற்காமல் அந்த வாய்க்குள்ளேயே இறங்கிப் போய், அடியில் கொதிப்பதைக் கவனித்து ஆராய்ந்தார்.

பாதாள உலகின் படம்

கண்டதை மனத்திலே கொண்டு, அவர் 25 ஆண்டுகளுக்கு மேல் தகவல் திரட்டினார். உலகெங்கும் பரந்திருந்த இயேசு சபைக் குருமார் தத்தம் நாடுகளின் செய்திகளைக் கடிதங்களில் எழுதி அனுப்பினர். ஆழம் போகப் போக வெப்பம் கூடுகிறதா என்று ஹங்கேரியிலுள்ள சுரங்கக்காரரிடம் கேட்டறிந்தார். இவையெல்லாம் சேர்ந்து 1665இல் அம்ஸ்ரடாமில் பாதாள உலகம் என்ற பொருள்படும் இலத்தீன் நூலாக வெளிவந்தன.

பூமியின் நடுவில் ஒரு பெருநெருப்பு, அதிலிருந்து கிளைத்து ஓடும் நெருப்பு வாய்க்கால்கள், வழிநெடுக நெருப்புக் களஞ்சியங்கள், அவற்றின் மேலே புகைபோக்கிகளைப் போல எரிமலைகள் என்பதே அவர் வரைந்த படம். கந்தகமும் கீலும் எரிவதே அந்த நெருப்பு என்று அவர் எண்ணினார். எரிமலைகள் பூமி மூச்சுவிடும் துவாரங்கள் என்பதும், அவை இல்லாவிடின் பூமிக்குக் கேடு என்பதும் அவர் கருத்து. இருந்தும், அந்தப் படத்தை வரைந்தவர் ஓர் எச்சரிக்கையையும் விடுக்கத் தவறவில்லை. இது அப்படியே இவ்வாறுதான் இருக்கிறதென்று எவரும் கொள்ளவேண்டாம், அதைக் கண்டவர் யார் என்று அவர் கேட்டிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள்.

அவருடைய தவறுகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த நூலிலே பாதாளத்தில் வாழும் பறவை நாகங்களுக்கும் இடமுண்டு. எகிப்தியரின் சித்திர எழுத்தை வாசித்துவிட்டதாக அவர் எழுதிய பெருநூல்கள் முற்றிலும் பிழையென்பது, 1822இல் ஷம்போலியோன் அவ்வெழுத்தின் மறைபொருளைக் கண்டறிந்தபோது தெளிவாயிற்று. அவருடைய காலத்திலேயே சில அறிஞர்கள் அவரை நம்பவில்லை.

அடுப்பு எங்கே இருக்கிறது?

வாசகர்களே, இனி அவர் கேட்ட கேள்விக்கு இன்றைய விஞ்ஞானம் என்ன மறுமொழி சொல்லுகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, எரிமலையின் அடியில் எதுவும் எரிவதில்லை. விறகோ கந்தகமோ அங்கே எரிபொருளன்று. அங்கே இருப்பது உருகிய கற்பாறை. அதைப் பாறைக் குழம்பு என்கிறோம். இரண்டாவது, அது பூமியின் நடுவிலிருந்து வருவதன்று. பூமியின் நடுப்பகுதி ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்திலே தொடங்குகிறது. அதற்கும் நாம் வாழும் மேலோட்டுக்கும் இடைப்பட்ட பெரும்படை திண்மமான கற்பாறையே. பூமியதிர்ச்சியின் அலைகள் அதனூடாகச் செல்லும் விதத்தைக் கொண்டு இதனை அறிந்திருக்கிறார்கள். கிர்க்கர் வரைந்த நெருப்பு வாய்க்கால்கள் அங்கே இல்லை.

அப்படியாயின் பாறை எங்கே உருகுகிறது? மேலோட்டுக்குக் கீழே, பெரும்பாலும் சில பத்துக் கிலோமீற்றர் தொடக்கம் நூறு கிலோமீற்றர் வரையான ஆழத்தில். அங்குள்ள பாறை மிகச் சூடானது. ஆயினும் மேலேயுள்ள பாரத்தின் அமுக்கம் அதை உருகவிடாது தடுத்துவைத்திருக்கிறது. மூடிய அமுக்கச் சட்டியிலே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாமல் இருப்பதை நம் இல்லத்தரசிகள் அறிவர். அமுக்கம் குறைந்தால் உடனே கொதிக்கும். அவ்வாறே ஆழத்துப் பாறை மெல்ல மெல்ல மேலெழும் இடங்களில் அமுக்கம் தளர்ந்து உருகத் தொடங்குகிறது. வேறு இடங்களில், பழைய கடற்தளம் பூமிக்குள்ளே அமிழும்போது தன்னுடன் நீரையும் கொண்டு செல்கிறது. அந்த நீர் சூடான பாறையிற் சேர்ந்ததும் அதன் உருகுநிலை குறைகிறது. கிர்க்கர் கண்ட ஸ்ட்ரொம்போலித் தீவின் கீழே நடப்பது இதுவே. கலாபிரியாவின் அடியாக ஒரு பழைய கடற்தளம் இன்றும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

முழுப்பாறையும் உருகுவதில்லை; நூற்றில் ஒரு சிறு பங்குதான் உருகும். துருவிய தேங்காய்ப்பூவிலிருந்து பால் பிழிந்தெடுப்பதுபோல, அந்த உருகல் பாறைத் துணிக்கைகளின் இடுக்குகளிலிருந்து கசிந்து ஒன்றுசேர்கிறது. சுற்றியுள்ள பாறையிலும் பாரம் குறைந்ததாகையால் மேலே ஏறுகிறது.

களஞ்சியத்திலே நடப்பது

ஏறிவரும் குழம்பு நேரே வெளியே பாய்ந்துவிடுவதில்லை. மேலோட்டுக்குள்ளே, சுற்றியுள்ள பாறை இலேசாகும் இடத்திலோ, உடைக்க முடியாத உறுதியான படையொன்றின் கீழோ, அது தடைப்பட்டுத் தேங்குகிறது. முதலில் விரித்த பாயைப்போல ஒரு மெல்லிய படையாகப் பரவுகிறது. அடுத்த தடவை ஏறிவரும் குழம்பு அதன்மேலோ கீழோ மற்றொரு பாயாக விரிகிறது. வரவு குறைந்தால் குழம்பு ஆறிக் கல்லாகிவிடும். கருங்கற் பாறைகள் பல இவ்வாறு வெளியே வராமல் உள்ளேயே இறுகிப்போன குழம்புதான். வரவு தொடர்ந்தால் அந்த இடம் சூடாகவே இருந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த களஞ்சியமாகிறது. ஆகவே மலையின் கீழ் களஞ்சியம் உண்டு என்ற மட்டில் நம் குருவானவர் எண்ணியது பிழையன்று.

அந்தக் களஞ்சியத்திலுள்ள குழம்பு என்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். நீர் வற்ற வற்ற உப்பு முதலிற் பளிங்காகிக் கீழே படிகிறது. எஞ்சிய நீர் முன்னைய கடல்நீராக இருப்பதில்லை. வேறு சுவையும் வேறு தன்மையும் உள்ளதாக மாறிவிடுகிறது. பாறைக் குழம்பு ஆறும்போதும் இதுவே நடக்கிறது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பளிங்குகள் முதலில் உருவாகிப் பிரிகின்றன. எஞ்சிய திரவத்தில் சிலிக்காவின் பங்கு கூடுகிறது. கனடாவிற் பிறந்த நோர்மன் போவென் என்ற விஞ்ஞானி, வாஷிங்டனிலுள்ள ஆய்வுகூடத்தில் கற்பொடிகளை உருக்கியும் ஆற்றியும் இதனைப் படிப்படியாக நிரூபித்து, 1928இல் நூலாக வெளியிட்டார். சுமார் 1,200 பாகை சென்ரிகிறேட் வெப்பத்தில் தேன்போல் ஓடக்கூடிய குழம்பு, ஆறி மாறி 800 பாகையளவுக்கு வரும்போது மிகவும் தடித்துப் போகிறது. சுற்றியுள்ள பாறையைக் கரைத்தும் அது மாறும். வெசுவியஸின் கீழே சுண்ணக்கல் உண்டு. அதைத் தின்னும் குழம்பில் கரியமில வாயு சேர்கிறது.

இங்கேதான் மனித உயிர்கள் சம்பந்தப்படுகின்றன. குழம்பினுள்ளே நீராவியும் வாயுக்களும் சோடாப் போத்தலில் உள்ளதுபோலக் கரைந்திருக்கின்றன. குழம்பு இளக்கமாயிருந்தால் வாயு எளிதில் வெளியேறிவிடும். ஸ்ட்ரொம்போலி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கக்கிக்கொண்டிருப்பது இதனாலேயே. ஆனால் மலையின் வாய் அடைபட்டு, நெடுங்காலம் ஆறித் தடித்த குழம்பிலே வாயு சேர்ந்துகொண்டே போனால், அது ஒரு நாள் மூடியைப் பிய்த்தெறியும். கி.பி. 79இல் பொம்பேய் நகரம் அழிந்ததும், 1631இல் மாடு மேய்ந்த மலை வெடித்ததும் இவ்வாறே. எரிமலையின் நீண்ட அமைதியைக் கண்டு நாம் நிம்மதியடையக் கூடாது என்பதன் காரணம் இதுதான். சிலவேளை ஆழத்திலிருந்து புதிய சூடான குழம்பு களஞ்சியத்துட் புகுந்து, உறங்கிக் கிடந்ததைக் கலக்கி எழுப்பிவிடும். மரத்தின் வளையங்களைப்போல, பளிங்குகளின் ஓரங்களிலுள்ள படைகள் இந்த வரவுகளைப் பதிந்து வைத்திருக்கின்றன. அவற்றை வாசித்தே விஞ்ஞானிகள் பழைய வெடிப்புகளின் வரலாற்றை அறிகிறார்கள்.

அண்மைப் பத்தாண்டுகளில் மற்றொரு உண்மையும் தெளிவாகியிருக்கிறது. களஞ்சியம் என்றால் திரவம் தளும்பும் பெரிய தொட்டி என்று பலரும் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அது பெரும்பாலான காலம் பளிங்குகள் நெருங்கிக் கிடக்க, இடுக்குகளில் மட்டும் சிறிது திரவம் உள்ள இறுகிய கூழைப் போன்றது. அந்நிலையில் அது அசையாது. மறுபடி சூடேறித் திரவம் ஓரிடத்திற் சேரும்போதே வெளியே பாயக்கூடியதாகிறது. 2001ஆம் ஆண்டில், பூமியதிர்ச்சி அலைகளின் உதவியுடன் வெசுவியஸின் கீழே ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஆழத்தில், குறைந்தது 400 சதுர கிலோமீற்றர் பரப்புக்கு, குழம்பு கலந்த ஒரு படை பரந்திருப்பதாக அறிவித்தனர். கிர்க்கர் நின்று பார்த்த அந்த வாயின் நேர் கீழே இருக்கும் படை அது.

கண்டவர் யார்?

அதைக் கண்டவர் யார் என்று அவர் கேட்டாரல்லவா? 2009ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் வடக்கே கிறப்லா என்னும் எரிமலைப் பகுதியில், சூட்டு நீராவி பெறுவதற்காக ஆழ்துளை ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 4 கிலோமீற்றருக்கும் அதிகமாகப் போவது திட்டம். 2,100 மீற்றர் ஆழத்திலேயே துளைகருவி சிக்கிக்கொண்டது. மேலே வந்தவை கண்ணாடித் துண்டுகள். ஏறத்தாழ 900 பாகை வெப்பமுள்ள பாறைக் குழம்பினுள் கருவி புகுந்து, குளிர்ந்த நீர் பட்டதும் குழம்பு கண்ணாடியாக உறைந்திருந்தது. அங்கே அவ்வளவு மேலே குழம்பு இருக்கிறதென்று முன்னைய ஆய்வுகள் எதுவும் காட்டியிருக்கவில்லை. இத்தனை கருவிகள் இருந்தும், மண்ணுக்குள்ளே இருப்பதை அறிவது இன்றும் அவ்வளவு கடினம்.

கிர்க்கர் அடிகளார் 1680 நவம்பர் மாதத்தில் உரோமாபுரியிற் காலமானார். முதிய வயதில் அந்நகருக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் மென்ரொறெல்லா என்னும் இடிந்த மாதா கோவிலைக் கண்டு, முயன்று புதுப்பித்திருந்தார். அவர் விருப்பப்படி அவருடைய இருதயம் அங்கே அடக்கம் செய்யப்பட்டது. பாப்பரசர் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 1978 ஒக்டோபரில் தாம் தெரிவுசெய்யப்பட்ட சில நாட்களுள் யாத்திரை சென்றதும் இந்தக் கோவிலுக்கே.

அவர் போன பின்னரும் அந்த மலையை மனிதர் கவனிக்கத் தவறவில்லை. 1841இல் வெசுவியஸின் சரிவில் உலகின் முதலாவது எரிமலை அவதான நிலையம் நிறுவப்பட்டது. மேர்க்கல்லி என்னும் குருவானவர் 1911 முதல் 1914 வரை அதன் பணிப்பாளராயிருந்தார். மலை கடைசியாக வெடித்தது 1944 மார்ச் மாதத்தில். அதன் பின்னர் அமைதி. ஆயினும் அந்த அமைதியின் பொருள் என்னவென்று நீங்கள் இப்போது அறிவீர்கள். ஆபத்து வலயம் என்று குறிக்கப்பட்ட நிலத்திலே இன்று 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குடும்பமாக வாழ்கிறார்கள். நிலத்தின் வீக்கத்தையும், சிறு நடுக்கங்களையும், கசியும் வாயுக்களையும் இரவு பகலாக அளந்து கொண்டிருப்பவர்கள், வேளையோடு அவர்களை வெளியேற்ற வேண்டும் என்பதற்காகவே விழித்திருக்கிறார்கள்.

1638இன் அந்த நள்ளிரவில் விளிம்பில் நின்ற குருவானவருக்குக் கருவிகள் அதிகம் இருக்கவில்லை. ஓர் ஊர் மறைந்ததைக் கண்ட துயரமும், அடியிலே என்ன இருக்கிறது என்று அறியும் தாகமுமே இருந்தன. அவர் சொன்ன மறுமொழி பிழைத்துவிட்டது. ஆனால் இறங்கிப் பார்த்தார், பிறரிடம் கேட்டறிந்தார், தாம் வரைந்ததை எவரும் கண்டதில்லை என்பதையும் ஒளிக்காமற் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்கள்.

அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை எரிமலையின் படத்தைக் காட்டி, இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பூமியின் நடுவிலிருந்து என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அருகில் இருத்தி, தேங்காய்ப் பாலையும் உப்பளத்தையும் சோடாப் போத்தலையும் எடுத்துச் சொல்லுங்கள். அந்த மலையின் வாய்க்குள் இறங்கிப் பார்த்த ஒரு குருவானவர் இருந்தார் என்பதையும் மறவாமற் சொல்லுங்கள்.